பெயின்ட் டப்பாவில் நின்ற கோல் போஸ்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இப்போது வயதாகி, சர்க்கரையும் சேர்ந்து, சத்தம் போடக் கூடாது என்று டாக்டரும் சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், பஹ்ரைனில் குதைபியாவில் இருந்தபோது, நான் வாயைத் திறந்தால் பக்கத்து அறைக்காரன் ரேடியோவை அணைத்துவிடுவான். பந்தாட்ட மைதானத்தில் கேட்கவே வேண்டாம். நான் தடுப்பாட்டக்காரன், அதோடு கேப்டன். கேப்டன் என்றால் கத்துகிறவன் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு ஒரு தடவை சவூதி போயிருந்தேன். சூபர்வைசர் ஏதோ சொல்ல, நான் பதிலுக்கு ஏதோ சொல்ல, நாலாவது மாதம் ஊரில் இறங்கிவிட்டேன். எங்கள் கடற்கரை ஊரில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு சாயங்காலம் போதும். ‘நாலு மாசத்தார்’ என்று வைத்தார்கள். பள்ளிவாசலில் செருப்பைத் தேடும்போதுகூட, “நாலு மாசத்தார் செருப்பு இங்கே கிடக்கு” என்பான் ஒருவன். மறுபடி பஹ்ரைனுக்கு விசா வந்தபோது என் மனைவிக்கு ஏழு மாதம். வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இந்தத் தடவையாவது ரெண்டு வருஷத்த முழுசா முடிச்சிட்டு வாங்க. புள்ளை காதுல அந்தப் பேரு விழக் கூடாது.”

அல்லாஹ் மேல் சத்தியமாக முடிப்பேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். மகள் பிறந்த செய்தி எனக்குக் கடையில் வைத்து வந்தது. எதிரே நின்ற அரபிக் கிழவிக்கு ஒரு லபன் மோர் பாட்டிலை இலவசமாகக் கொடுத்தேன்.

என் வேலை கோல்டு ஸ்டோரில். பஹ்ரைனில் மூலை மளிகைக் கடைக்கு அதுதான் பெயர். பால், ரொட்டி, முட்டை, சிகரெட், குளிர்பானம், டெலிபோன் கார்டு, எல்லாம் உண்டு. வேலையாள் நான் ஒருவன்தான். முதலாளி வயதான பஹ்ரைனி. நாங்கள் ‘அர்பாப்’ என்போம். அதிகம் பேச மாட்டார். ஒரு விளக்கு மட்டும் எரிகிற பழைய காரில் தினமும் கடை வழியாகப் போவார். நிறுத்தவும் மாட்டார், கையும் காட்ட மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பந்து. அந்த இரண்டு மணி நேரம் எங்கள் அணியின் மாற்று ஆளான ஓட்டல் பரோட்டா மாஸ்டர் கடையில் நிற்பார். கம்பெனி ஆட்களும் கடை ஆட்களுமாகச் சேர்ந்து எட்டு அணிகள் ஒரு லீக் நடத்திக்கொண்டிருந்தோம். மலையாளிகள், கோவாக்காரர்கள், பாகிஸ்தானிகள், சிலோன்காரர்கள், தமிழர்கள் நாங்கள். ஆளுக்கு ஏழு ஆட்டம். முதல் நாலு இடத்துக்குள் வராத அணிகள் அடுத்த வருடம் வெளியே. மைதானம் என்று பெயர்தான், வெறும் மணல் பொட்டல். கோல் போஸ்ட்கூடக் கிடையாது. அதை எங்களுக்குச் செய்து கொடுத்தவன் எங்கள் கோல் கீப்பர்.

அவன் அரியலூர்ப் பக்கம். கட்டட வேலைக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவன். கையும் காலும் நீளம், பேச்சு மட்டும் குட்டை. சைட்டில் மிச்சமான சாரப் பைப்பை போர்மேனிடம் கேட்டு வாங்கி, இருபது லிட்டர் பெயின்ட் டப்பாவில் நிறுத்தி, சிமென்ட் கலவை ஊற்றி இறுக்கி, நாலு போஸ்ட் செய்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் சலவைக்கடைக்காரரின் பிக்கப்பில் ஏற்றி வந்துவிடுவோம். மற்ற அணிகளும் அதையே இரவல் வாங்கி ஆடின. “எங்க போஸ்ட்ல கோல் போடுறதுக்கு வாடகை குடுங்கடா” என்று நாங்கள் அலட்டிக்கொள்வோம்.

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்றாவது ஆட்டம் மலையாளிகளோடு. ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னிலை. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்கள் ஆள் ஒருவன் களைத்துப்போய்ச் சும்மா ஒரு தட்டுத் தட்டினான். பந்து உருண்டு உருண்டு வருகிறது. கைக்குழந்தை தவழ்ந்து போய்ப் பிடிக்கலாம். எங்கள் கீப்பர் குனிந்தான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டது.

“டேய், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“மண்ணுல எகிறிடுச்சுண்ணே.”

“மண்ணாங்கட்டி எகிறிச்சு! உன்னையெல்லாம் நிக்க வச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் ஆத்திரம் வாயோடு போயிருக்கும். பேசவில்லை. அவனை அடிக்க முடியாது. வந்த வேகத்தில் போஸ்ட்டின் அடியிலிருந்த டப்பாவை ஓங்கி உதைத்தேன். அதில் சிமென்ட் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் அதுவா ஞாபகம் வரும்?

டப்பா அசையவில்லை. என் பாதத்தில் மூன்று எலும்பு முறிந்தது. மணலில் விழுந்து உம்மாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது முதலில் ஓடி வந்தவன் அவன்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு பிக்கப் வரைக்கும் போனான். அவன் பிடரியில் மூக்கை வைத்துக்கொண்டும் நான் அவனைத் திட்டிக்கொண்டுதான் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம். முதல் மூன்று வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது. அன்று மத்தியானமே அர்பாப் என் அறைக்கு வந்தார். மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு என் கட்டிலில் உட்கார்ந்து மாவுக்கட்டைப் பார்த்தார்.

“ஃபுட்பால்?” என்றார்.

“படிக்கட்டு, அர்பாப். வழுக்கிவிட்டது.”

அவர் அதை நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. அரபியும் இந்தியும் கலந்து மெதுவாகச் சொன்னார். அவருடைய வாப்பா காலத்திலிருந்து பெருநாள் தவிர வேறு எந்த நாளும் அந்தக் கடை மூடியதில்லை. விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வருகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் இருக்க வேண்டும். நீ நிற்பாயோ, உன் ஆள் நிற்பானோ, எனக்குத் தெரியாது. திறந்திருக்கிற நேரத்தில் என்றைக்காவது ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்தால், “கலாஸ். டிக்கெட்.” முடிந்தது, ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று அர்த்தம்.

அவர் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ‘பத்து மாசத்தார்’ என்று மாற்றிக் கூப்பிடுவார்கள் போல என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. மனைவியிடம் போன் பண்ணி என்ன சொல்ல? டப்பாவை உதைத்தேன் என்றா?

அன்று மாலை என் அறையில் அணி முழுக்க வந்து நின்றது. சலவைக்கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர், என் கடைக்கு அடுத்த கடை அவருடையது. அவர்தான் பேச்சை எடுத்தார்.

“தம்பி, நீ வாயைப் பொத்திக்கிட்டுப் படு. காலையில வெயில் ஏறுற வரைக்கும் ரெண்டு கடையையும் நான் பாத்துக்குறேன். துணியத் தேய்க்கிற நேரத்துல ஒரு பாக்கெட் சிகரெட் எடுத்துக் குடுக்க எனக்கு என்ன கேடு?”

மத்தியானத்துக்கு மேல் ஓட்டல் பரோட்டா மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அவர் மதுரைக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரி வியாபாரத்துக்கும் நடுவில் அவருக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. அதில்தான் அவர் தூங்குவார். மாலையில் மிச்சப் பேர் முறை வைத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி, விடியற்காலை? நாலரைக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும். பால் வண்டி, ரொட்டி வண்டி வரும். கிரேட்டுகளை இறக்கி அடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து வேலை செய்துவிட்டுப் பிறகு தன் டியூட்டிக்கும் யார் போவது?

“நான் நிக்கிறேண்ணே,” என்று கதவோரத்திலிருந்து கீப்பர் சொன்னான். “ஆறு மணிக்குத்தான் எங்க கேம்ப் பஸ்ஸு.”

அடுத்தவன் கடையில் வேலை செய்து செக்கிங்கில் மாட்டினால் ஆளை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு என் கவலை.

அடுத்த நாலு வாரம் அப்படித்தான் ஓடியது. என் கடை திறந்திருந்தது, எங்கள் அணி படுத்துவிட்டது. தூக்கம் இல்லாதவன் எப்படி ஓடுவான்? நாலாவது ஆட்டம் மூன்று கோலில் தோல்வி. ஐந்தாவதில் நாலு வாங்கினோம். சலவைக்கடைக்காரர்தான் எங்கள் முன்னணி ஆட்டக்காரர். கோலுக்கு எதிரே தனியாகப் பந்தோடு நின்று கொட்டாவி விட்டார் என்று சிலோன்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். ஆட்ட விவரத்தை எனக்குக் கட்டிலுக்கு வந்து சொல்வார்கள். நான் படுத்துக்கொண்டே கத்துவேன். என் கடையைக் காக்கிறவர்களைத்தான் திட்டுகிறோம் என்று ஒரு நாளாவது எனக்கு உறைக்க வேண்டுமே!

ஆறாவது ஆட்டம் கோவாக்காரர்களோடு. கீப்பர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து தடுக்க, ஒரு கோலில் ஜெயித்துவிட்டோம். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், லீக்கில் இருப்போம். மறுபடி எல்லாருக்கும் உயிர் வந்தது. அந்த வாரம் எனக்குக் கக்கத்தில் கட்டையை ஊன்றி நடக்கவும் அனுமதி கிடைத்திருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமையில்தான் சிக்கல். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஆட்ட நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்ட மாஸ்டருக்கு, அன்று எங்கள் ஆட்கள் இருவர் காய்ச்சலில் படுத்ததால், ஆட வேண்டிய நிலை. வியாழன் மாலை கூடிப் பேசினோம். நான் தீர்ப்புச் சொன்னேன்.

“கீப்பர் வழக்கம்போலத் திறக்கட்டும். பால், ரொட்டி இறக்கிட்டு ஆறரைக்குப் பூட்டிட்டு கிரவுண்டுக்கு வரட்டும். ரெண்டு மணி நேரம்தானே! வெள்ளிக்கிழமை காலையில அர்பாப் எந்திரிக்கவே மாட்டாரு.”

கடையில் நானே உட்கார்ந்திருக்கலாம். ஷட்டர் திறந்திருந்தால் கல்லாவில் உட்கார ஒரு கால் போதும். அது யாருக்கும் தோன்றாமல் இருந்திருக்காது, என் முகத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கோ ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், கோட்டோரம் நின்று கத்த வேண்டும். மனைவிக்குச் செய்த சத்தியமெல்லாம் அந்த நேரத்தில் காற்றில் போய்விட்டது. கீப்பர் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சரிண்ணே” என்றான்.

ஏழு மணிக்கு ஆட்டம். ஏழே கால் வரை ரெஃப்ரியைக் கெஞ்சி நிறுத்தி வைத்தோம். கீப்பர் வரவில்லை. கைபேசியா, ஒன்றா, கூப்பிட்டுக் கேட்க? கடைசியில் மாஸ்டரை கோலில் நிறுத்தினோம். ஆயிரம் பரோட்டா வீசிப் பிடிக்கிற கைக்கு ஒரு பந்து பிடிபடவில்லை. ஐந்து கோல். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. லீக்கிலிருந்து வெளியே.

பிக்கப்பில் திரும்பும்போது யாரும் பேசவில்லை, என்னைத் தவிர. வண்டி நின்றதும் நிற்காததுமாகக் கட்டையை ஊன்றிக் குதித்தேன். கடை திறந்திருந்தது. கீப்பர் உள்ளே முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பந்தாட்ட ஜெர்சிதான் போட்டிருந்தான்.

“எங்கடா போய்த் தொலைஞ்சே? அஞ்சு கோலு! ஊரே கைகொட்டிச் சிரிக்குது!”

“பூட்டத்தாண்ணே போனேன். ஷட்டர பாதி எறக்கிட்டேன். மனசு வரல.”

“மனசு வரலியா? அணியவே குழிதோண்டிப் பொதைச்சிட்டு, மனசு வரலியாம்!”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை மேசைமேல் வைத்தான்.

“நாளையிலேர்ந்து காலையில வேற யாரயாச்சும் நிக்கச் சொல்லுங்கண்ணே. என்னால வர முடியாது.”

“ஓஹோ, துரைக்குக் கோபம் வேற வருதோ? போ, போ. நீ இல்லாட்டி விடியாதா?”

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பில்லை, ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்ட சிரிப்பு. வெளியே போய்விட்டான்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அந்த ஒற்றை விளக்குக் கார் நின்றிருந்தது. நான் வந்த ஆத்திரத்தில் கவனிக்கவே இல்லை. அர்பாப் ஜன்னல் வழியாக விரலை ஆட்டிக் கூப்பிட்டார். கட்டையோடு போய் நின்றேன்.

“அனா மாஃபி மஜ்னூன்,” என்றார். நான் பைத்தியக்காரன் இல்லை என்று அர்த்தம். பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். நாலு வாரமாக என் கடையில் நேரத்துக்கு ஒரு ஆள் நிற்கிறான். எல்லாரையும் பார்த்தேன். எல்லாம் ஃபுட்பால்காரர்கள். உன் படிக்கட்டு எந்த மைதானத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? இன்றைக்கு ஆட்டம் என்று தெரிந்துதான் வந்தேன். ஆறரை மணிக்கு இங்கே நிறுத்தினேன். அந்தப் பையன் ஷட்டரைப் பாதி இறக்கினான். நான் உன் டிக்கெட்டைப் பற்றி யோசித்தேன். பிறகு அவன் அதைத் திரும்பத் தூக்கிவிட்டான்.

நான் திரும்பிக் கடையைப் பார்த்தேன்.

“போய்ப் பேசினேன். நல்ல பையன். நாளைக்கு சுபுஹு நேரத்தில் அவனுக்கு விமானமாமே. கம்பெனி வேலை முடிந்துவிட்டதாம், எல்லாரையும் அனுப்புகிறார்களாம். உனக்குத் தெரியும்தானே?”

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. புதன்கிழமையே அவனிடம் டிக்கெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் அவனுடைய கடைசி ஆட்டம் என்று தெரிந்தே ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தவன், என் ஷட்டரைத் தூக்கிவிட்டு முட்டை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத்தான் நான் ‘நீ இல்லாட்டி விடியாதா’ என்று கேட்டு அனுப்பியிருந்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். அர்பாப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அணி முழுக்கப் பிக்கப்பில் ஏறி அவன் கேம்ப்புக்குப் போனோம். அட்டைப் பெட்டியில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனதில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

“ஏண்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது.

“சொன்னா யாராச்சும் எனக்காகக் கடைய அடைச்சிட்டு வந்துருப்பீங்கண்ணே. நீங்க ஊருக்குப் போயிட்டா, அண்ணி கேட்ட ரெண்டு வருஷம்?”

மனைவி சொன்னதை அவனிடம் நான் எப்போது சொன்னேன்? மாவுக்கட்டுப் போட்ட முதல் வாரம், வலியில் ஏதேதோ புலம்பியிருக்கிறேன். பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

“மன்னிச்சிருடா தம்பி,” என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

சலவைக்கடைக்காரர் சூழ்நிலையைப் பார்த்துவிட்டு, “யல்லா, யல்லா, ஏறுங்க வண்டியில” என்று எல்லாரையும் விரட்டினார். மைதானத்துக்குப் போனோம். அஸர் தொழுகைக்குப் பிந்திய சாயங்கால வெயில், ஆள் இல்லாத மணல். அவன் செய்த போஸ்ட்டுகளை இறக்கி நட்டோம். ஆளுக்கு ஒரு பெனால்டி அடிப்பது, அவன் பிடிப்பது. இதுதான் எங்களால் அவனுக்குச் செய்ய முடிந்த வழியனுப்பு.

அவன் அன்று நின்ற மாதிரி நான் எந்தக் கீப்பரையும் பார்த்ததில்லை. சலவைக்கடைக்காரர் அடித்ததை இடப்பக்கம் பாய்ந்து தள்ளினான். மாஸ்டர் அடித்தது நெஞ்சுக்கு நேராகப் போனது, கட்டிப் பிடித்துக்கொண்டான். காய்ச்சல்காரர்கள்கூடப் போர்வையோடு வந்து அடித்தார்கள். பத்துப் பேர் அடித்தார்கள், பத்தையும் தடுத்தான். தப்பித்தவறி ஒன்று போகாதா என்று நாங்களே வெறி பிடித்து அடித்தோம்.

“கேப்டன் பாக்கி!” என்று கத்தினார்கள்.

இரண்டு பேர் என் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பந்து உருண்டு உருண்டு போனது. மலையாளியுடைய பந்தைவிட மெதுவாகப் போனது. கீப்பர் அது வந்து சேர்கிற வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்தான். கால் இரண்டையும் நன்றாக அகட்டினான். பந்து நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டது.

அவன் பந்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேராகப் போஸ்ட்டுக்கு ஓடினான், மண்டி போட்டு சிமென்ட் டப்பாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

“அண்ணே, டப்பாவ மட்டும் உட்ருங்கண்ணே!”

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். என்னைப் பிடித்திருந்த இரண்டு பேரும் கையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டதால் மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வந்து, அன்றைக்குப் போலவே முதுகைக் காட்டிக் குனிந்தான். இந்தத் தடவை பிக்கப் வரைக்கும் நான் ஒன்றும் பேசாமல் போனேன்.

இரண்டு வருடத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஊரில் இறங்கினேன். விமான நிலையத்தில் மகள் என்னைப் பார்த்து அழுதாள், யாரோ என்று நினைத்து. கால் முறிந்ததைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி என் காலைப் பார்த்து, “எந்தக் கால்?” என்று கேட்டாள். காட்டினேன். யார் கடையைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். கார் வீடு போய்ச் சேரும்வரை அவனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.